தொட்டி செத்த புதன்கிழமை

இரண்டு லட்சம் லிட்டர். அரியலூருக்கு வெளியே இருக்கும் அந்தக் கோழிக்கறி ஆலையிலிருந்து ஒரு நாளைக்கு வெளியேறும் கழிவுநீர் அவ்வளவு. ரத்தமும் கொழுப்புமாக வருவதைத் தெளியவைத்து அனுப்புவதுதான் நான்கு வருடங்களாகக் கமலவேணியின் வேலை.

இறகு சல்லடையில் நின்றுவிடும். கொழுப்பை மேலாக வழித்தெடுக்கலாம். மீதியைத் தின்று தீர்ப்பவை தொட்டியில் வாழும் நுண்ணுயிர்கள். ஆண்டிமடத்திலிருந்து சாணி வரவழைத்து, வெல்லம் கரைத்து ஊற்றி, இடைவிடாமல் காற்றடித்து அவற்றைப் பெருக்கியவள் அவள்தான். காலையில் ஒரு குடுவை மொண்டு வைப்பாள். பழுப்புச் சேறு அடியில் படிந்து மேலே தெளிந்தால் அன்று முழுக்க முகம் மலர்ந்திருக்கும்.

“கமலவேணிக்கு மூணு புள்ளைங்க. ரெண்டு வூட்டுல, ஒண்ணு தொட்டியில” என்று அறுப்புக்கூடத்துப் பெண்கள் கேலி பேசுவார்கள்.

வாரம் ஒருமுறை கூடத்தை ப்ளீச்சிங் போட்டுக் கழுவுவார்கள். அந்தத் தண்ணீர் தொட்டிக்குள் போனால் நுண்ணுயிர்கள் செத்துவிடும். அதனால் கழுவும் குழுவின் தலைவி தனம் முன்கூட்டியே ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். கமலவேணி வால்வைத் திருப்பி வேறு குழிக்கு விடுவாள். கம்பெனி பஸ்ஸில் ஒரே சீட்டில் வந்துபோகிறவர்கள். ஒருநாளும் தவறியதில்லை.

அந்தப் புதன்கிழமை போன் வரவில்லை. மறுநாள் காலையில் தொட்டி நிறைய வெள்ளை நுரை. குடுவையில் எதுவும் படியவில்லை.

“ஏன்டி தனம், போன் அடிக்கல?”

“சார்ஜ் இல்லாம அணைஞ்சிடுச்சுக்கா. மேனேஜர் கேட்டா என் வேலையே போயிடும். புள்ளைங்கள வச்சிட்டு எங்க போவேன்?”

மேனேஜர் கிருஷ்ணமூர்த்தி வந்து கேட்டபோது கமலவேணி யோசிக்கவில்லை.

“போன் வந்துச்சு சார். நான்தான் வால்வ திருப்ப மறந்துட்டேன்.”

அன்று மாலையே அவளை இறகு மூட்டை கட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள். போகட்டும், ஒருத்தி குடும்பம் தப்பித்ததே என்று தேற்றிக்கொண்டாள்.

சனிக்கிழமை தொட்டிமேட்டில் அவளுடைய ரப்பர் பூட்ஸுக்குள் காலை நுழைக்க ஒருவன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். தனத்தின் கணவன் தமிழழகன்.

பஸ்ஸில் தனம் ஜன்னல் பக்கம் திரும்பியபடியே சொன்னாள். “எடம் காலியானா தரேன்னு மேனேஜர் ரெண்டு மாசமா சொல்லிட்டிருந்தாருக்கா. எங்க வூட்டுக்காரரு சும்மாவே வூட்டுல கெடக்குறாரு. ஒனக்கு வேற எடம் குடுத்துடுவாங்கன்னு தெரியும்.”

“அப்ப போன்ல சார்ஜ் இருந்துச்சு.”

தனம் கையிலிருந்த போனை மடியில் செருகிக்கொண்டாள்.

“என்னைக் கேட்டிருந்தா நானே வெலகியிருப்பேன்னு சொல்ல மாட்டேன்டி. குடுத்திருக்க மாட்டேன். ஆனா உனக்காகப் பொய் சொன்னேன் பாரு.” கமலவேணி எழுந்து பின்சீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை திருச்சியிலிருந்து லாரியில் நுண்ணுயிர்கள் உள்ள புதுச் சேறு வருகிறது. அதைத் தொட்டியில் விட்டு வளர்ப்பது எப்படி என்று தமிழழகனுக்குக் கமலவேணிதான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார்.