குழியை விட்டு எழாத பேய்

மராத்தி சினிமாவில் தேவ்லேகர் குடும்பத்துக்குத் தனி மரியாதை. தாத்தாவும் அப்பாவும் கதாநாயகர்கள்; அண்ணன் ஹேமந்த் இந்தியிலும் கொடிகட்டிப் பறந்தவர். அந்த வீட்டுப் பெண் கேத்தகி மட்டும் மலிவான பேய்ப் படங்களில் பேயாக நடித்தாள். முதலில் வேறு வாய்ப்பு வரவில்லை. பிறகு வந்தும் அவள் போகவில்லை. அவளுக்கு ஒப்பனைக்காரன் நான்.

பாஞ்ச்கனியில் ஒரு பாழடைந்த பங்களாவில் படப்பிடிப்பு. பேய் கல்லறைக் குழியிலிருந்து எழும் காட்சிக்கு அவளைத் தயார் செய்துகொண்டிருந்தபோது ஹேமந்த் காரில் வந்து இறங்கினார்.

"போஸ்டர்ல வெறும் கேத்தகின்னு போட்டுக்கோ. குடும்பப் பேரு வேணாம். என் அடுத்த படத்துல தங்கச்சி வேஷம் தர்றேன்."

அவள் கோரைப்பற்களைக் கழற்றி என் கையில் வைத்தாள். அண்ணனைத் 'தாதா' என்றுதான் கூப்பிடுவாள். "தங்கச்சியா வந்து என்ன செய்வேன் தாதா? உனக்கு ராக்கி கட்டிட்டு இடைவேளைக்கு முன்னாடி சாவேன். இங்க செத்த பிறகுதான் எனக்கு வேலையே ஆரம்பிக்குது."

"அப்பா இருந்தா தலைகுனிஞ்சிருப்பாரு."

"நீ என் படம் ஒண்ணாவது பார்த்திருக்கியா?"

ஹேமந்த் நேராகத் தயாரிப்பாளர் குலாப்சந்த் சேட்டிடம் போய், குடும்பப் பெயரை எடுத்துவிடச் சொன்னார். பெரிய நட்சத்திரம் கேட்டால் சேட் மறுப்பாரா? தலையாட்டிவிட்டார்.

கேத்தகி என்னிடம் கையை நீட்டினாள். பற்களை மாட்டிக்கொண்டு குழியில் படுத்தாள். மேலே மண்ணைத் தூவினோம். இயக்குநர் "ஆக்‌ஷன்" என்றார். மண் அசையவில்லை. மறுபடியும் கத்தினார், அசையவில்லை. பயந்து போய் ஓடி, முகத்து மண்ணைக் கையால் தள்ளினேன். கண்ணைத் திறந்து முறைத்தாள்.

"உசுரோடதான் இருக்கேன் அண்ணா. முழுப் பேரையும் போடுறேன்னு சேட் சொல்லட்டும், எந்திரிக்கிறேன்."

"அடேய், பேய் ஸ்ட்ரைக் பண்ணுதுடா!" என்று சேட் தலையில் கைவைத்தார். பனிமூட்டம் இறங்கியது, வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. கெஞ்சினார், திட்டினார். கடைசியில் கும்பிட்டார். "போடுறேன் தாயே, எழுந்து தொலை!"

அவள் எழுந்தாள். பல தடவை பார்த்த நாங்களே பின்வாங்கினோம். ஹேமந்தின் முதுகு கார்க் கதவில் இடித்தது. சொல்லாமல் கிளம்பிவிட்டார்.

படம் சோலாப்பூரிலும் சாத்தாராவிலும் அரங்கு நிறைந்து ஓடியது. அண்ணன் அவளோடு பேசுவதை நிறுத்தினார். அப்பாவின் நினைவு நாள் விழாவுக்கு அழைப்பும் இல்லை. அவளாகப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். மேடையில் ஹேமந்த் குடும்பத்துக் கலைஞர்களின் பெயர்களைச் சொல்லி முடித்ததும் பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள்: "எங்க கேத்தகி அக்காவ விட்டுட்டீங்களே!"

அரங்கம் முழுக்க விசில். ஹேமந்த் தங்கையைப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை.

"கேத்தகி தேவ்லேகர்" என்றார். சன்னமாகத்தான், ஆனால் மைக்கில்.