விரிப்பைத் தூக்கியவர் குற்றவாளியா?

பத்திரிகையில் நாலு வரி எழுதுகிறவனுக்குச் சட்டம், வைத்தியம், ஜாதகம், மோட்டார் ரிப்பேர் எல்லாம் தெரியும் என்று எங்கள் சொந்தக்காரர்கள் நம்புகிறார்கள். தெரியாது என்று சொன்னால் கர்வம் பிடித்தவன் என்பார்கள். அதனால் நானும் சொல்வதில்லை.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் பக்கத்து வீட்டு டெலிபோனில் எனக்கு ஒரு அழைப்பு. பேசியது சுந்தரராஜ். என் மனைவியின் தம்பி. ராஜபாளையத்தில் சொந்தமாக ஒரு வேன் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறான்.

"அத்தான், ஒடனே பொறப்பட்டு வாங்க. பாய் என் வண்டில ஓட்டை போட்டுட்டாரு!"

"எந்தப் பாய்?"

"நம்ம காதர் பாய்தான். நீங்க வார வரைக்கும் நான் இந்தக் கடைய விட்டு எந்திரிக்க மாட்டேன்."

காதர் பாய் ராஜபாளையத்தில் குஷன் கடை வைத்திருக்கிறார். லாரி, கார், வேன் எதுவானாலும் சீட்டு தைப்பது, தரைக்கு 'மேட்' என்கிற விரிப்புப் போடுவது, பக்கவாட்டில் ரெக்சின் ஒட்டுவது அவர் தொழில். சுந்தரராஜும் அவரும் மாமன் மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக்கொள்கிற அளவுக்குச் சிநேகம். அவர்களுக்குள் சண்டையா?

விஷயம் இதுதான். கல்யாணம், கோவில் என்று எப்போதாவது கிடைக்கிற சவாரியை நம்பி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு முதன்முதலாக ஒரு நிரந்தர வேலை கிடைத்திருந்தது. சோழபுரத்திலிருந்து பிள்ளைகளை ராஜபாளையத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டி வருகிற டிரிப். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. அதற்குள் பழைய சீட்டுகளைக் கழற்றிவிட்டு, எதிரெதிராகப் பெஞ்சு சீட்டு போட வேண்டும். அன்று காலை வேன் போய் நிற்காவிட்டால் அந்த டிரிப்பை எடுத்துக்கொள்ள இன்னொரு வேன்காரர் தயாராக இருக்கிறார்.

பஸ் பிடித்துப் போய் இறங்கினேன். மெல்லிய சாரல். கடை வாசலில் சீட்டுகள் இல்லாமல் வேன் நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால், வேனின் தரை வழியாக ரோடு தெரிந்தது. ஒரு பூசணிக்காய் தாராளமாகக் கீழே விழும்!

"நேத்து நான் வண்டிய விடும்போது நல்லாத்தான் இருந்துச்சு அத்தான். ஆளுக ஏறி உக்காந்து திருச்செந்தூர் வரைக்கும் போயிட்டு வந்த வண்டி. இவரு கடப்பாரைய வச்சு நெம்பிட்டாரு."

"கடப்பாரையா? சார், நான் மேட்டத்தான் தூக்குனேன். தகரம் மேட்டோட ஒட்டிக்கிட்டு அப்பளம் மாதிரி வருது. நான் என்ன செய்ய?"

"அப்ப தூக்கறதுக்கு முன்னாடி என்னையக் கூப்பிட்டிருக்கணும்ல!"

"ஏ மாப்ளே, மேட்டத் தூக்குறதுக்கெல்லாமா ஆள் விட்டுக் கூப்பிடுவாக?"

நம் ஊரில் குறையை முதலில் பார்க்கிறவன் கதி எப்போதும் இதுதான். "அந்த டாக்டர்கிட்ட போற வரைக்கும் எனக்குச் சுகர் இல்ல" என்கிற ஆசாமிகள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள். டெய்லர் இடுப்பளவைச் சொன்னதும் நாம் சந்தேகப்படுவது இடுப்பையா, டேப்பையா?

அதற்காகச் சுந்தரராஜையும் தப்புச் சொல்ல முடியவில்லை. வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனவனுக்குக் கடையில் என்ன நடந்தது என்று எப்படித் தெரியும்? காலையில் வந்து பார்த்தால் ஓட்டை. பக்கத்தில் நிற்பவர் கையில் ஸ்பேனர்! நானாக இருந்தாலும் கத்தியிருப்பேன்.

என் தீர்ப்புக்காக இருவரும் காத்திருந்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாம் இந்தச் சாரல் செய்கிற வேலையாக இருக்கும்" என்றேன். சாரல் வந்து சண்டைக்கு நிற்காது பாருங்கள். அன்றைக்கு முதன்முறையாக இருவரும் ஒற்றுமையாக இருந்தார்கள் — என்னை முறைப்பதில்!

இப்படியே பொழுது போய்க்கொண்டிருந்தது. பெஞ்சு சீட்டு வேலை அப்படியே கிடந்தது. பொறுப்பு யாருடையது என்று முடிவாகாமல் ஆணியைத் தொட மாட்டேன் என்றார் பாய். வண்டியை எடுக்க விடமாட்டேன் என்றும் அவர் சொல்லவில்லை. ஆனால் ஓட்டை வண்டியை எடுத்துக்கொண்டு இவன் எங்கே போவான்? அவன் கோபத்துக்குப் பின்னால் திங்கட்கிழமை பயம் இருந்தது. எனக்கு அது நன்றாகவே தெரிந்தது, பாவமாகவும் இருந்தது.

சாயங்காலம் சுந்தரராஜின் மனைவி மல்லிகா டிபன் கேரியரோடு வந்து சேர்ந்தாள். புருஷன் காலையிலிருந்து பட்டினி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வந்ததும் ஓட்டையைப் பார்த்தாள். கேரியரைக் கீழே வைத்தாள். சேலையை இழுத்துச் செருகினாள்.

"அண்ணே, நீங்களே சொல்லுங்க. இவிய வண்டிய எப்படி வச்சிருப்பாகன்னு எங்க தெருவுல வந்து கேக்கச் சொல்லுங்க இந்தப் பாயை. வெள்ளிக்கிழமை ஆனா வீட்டக் கழுவுறமோ இல்லியோ, வண்டியக் கழுவிருவாக. உள்ளயும் வெளியும்!"

பாய் மெதுவாகத் திரும்பினார். "உள்ளயுமா?"

"பின்ன? வாளி வாளியா ஊத்துவாக. பொறவு மஞ்சத்தண்ணி தெளிச்சு, சாம்பிராணி போட்டுத்தான் வண்டிய எடுப்பாக."

"மேட்ட எடுத்துட்டா ஊத்துவாரு?"

"அதை எதுக்கு எடுக்கணும்? மேலயே ஊத்தி, தென்னந்தொடப்பத்தால தள்ளிருவாக. செத்த நேரத்துல தண்ணி போன எடம் தெரியாது!"

பெருமையாகத்தான் சொன்னாள். புருஷனுக்காக வாதாட வந்தவள் அவள்.

போன எடம் தெரியாத தண்ணீர் போன இடம் எங்கள் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் இறங்கிய தண்ணீர், மஞ்சள் மணக்க மணக்கத் தகரத்தைத் தின்றிருக்கிறது.

"சுத்தமா வச்சிருந்தது தப்பா?" என்றான் சுந்தரராஜ். குரலில் பாதிதான் இருந்தது.

பாய்க்கு இது நல்ல சமயம். ஊரைக் கூட்டிச் சிரித்திருக்கலாம். நானாக இருந்தால் நிச்சயம் சிரித்திருப்பேன். அவர் சிரிக்கவில்லை.

"நானும் ஒண்ணு சொல்லிர்றேன் மாப்ளே. போன வருசம் புது மேட் போட்டது நான்தான். பழசு மேலயே போட்டா மெத்துன்னு இருக்கும்னு நீ சொன்ன. நானும் வேலை மிச்சம்னு போட்டுட்டேன். அடியில சாக்கு விரிப்பு கெடந்துச்சு. அது அம்புட்டுத் தண்ணியையும் குடிச்சு வச்சிருக்கு. அன்னிக்கே தூக்கிப் பாத்திருந்தா கையளவு துருவோட போயிருக்கும்."

எனக்கு அந்த மனிதரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பழியில் பங்கு கேட்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

சுந்தரராஜ் எழுந்தான். கேரியரைப் பிரித்தான். "மொதல்ல சாப்பிடுங்க மாமா. காலைல இருந்து நீங்களும்தான சாப்பிடல" என்றான். முடிந்தது பஞ்சாயத்து! தீர்ப்புச் சொல்ல வந்த எனக்கு இரண்டு இட்லிதான் மிஞ்சியது.

மறுநாள் பக்கத்து டிங்கரிங் பட்டறையில் புதுத் தகரம் வெட்டி வெல்டிங் வைத்தார்கள். தகரம் சுந்தரராஜ் பொறுப்பு, கூலி பாய் பொறுப்பு என்று அவர்களாகவே பேசிக்கொண்டார்கள். துரு மறுபடி ஏறாமல் பெயிண்டும் அடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கடையைத் திறந்து வைத்துப் பெஞ்சு சீட்டை முடித்தார் பாய். இந்தத் தடவை புது விரிப்பை ஒட்டவில்லை. தூக்கிப் பார்க்கிற மாதிரி ஓரத்தில் பட்டன் வைத்துக் கொடுத்தார்.

ஊருக்குத் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்ட என்னிடம் அப்போதுதான் சுந்தரராஜ் ஒரு குண்டைப் போட்டான். "அத்தான், ஓட்டை விழுந்து அடைச்ச வண்டின்னு நாளைக்கு அந்தப் பிள்ளைகளப் பெத்தவங்ககிட்டச் சொல்லிரலாம்னு இருக்கேன்."

"உனக்குப் பைத்தியமா? விரிப்பு போட்டாச்சு. யாருக்குத் தெரியப் போகுது?" — இப்படி அறிவுரை சொன்னது உங்கள் அன்புக்குரிய பத்திரிகைக்காரன்தான்.

"இப்பிடி மூடி மூடி வச்சுத்தான அத்தான் ஓட்டை விழுந்துச்சு?"

அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் பயம் போகவில்லை. கைக்கு வந்த டிரிப்பை வாயால் கெடுத்துக்கொள்ளப் போகிறானே என்று, திங்கட்கிழமை காலை நானும் வேனில் ஏறிக்கொண்டேன்.

சோழபுரத்தில் அம்மாமார்கள் பிள்ளைகளோடு நின்றார்கள். புதுப் பை, புது வாட்டர் பாட்டில், பழைய அழுகை. சுந்தரராஜ் இறங்கினான். விரிப்பின் பட்டனைக் கழற்றித் தூக்கினான். "இந்த எடத்துல ஓட்டை இருந்துச்சு. வெல்டிங் வச்சிருக்கேன். பாத்துக்கிட்டுப் பிள்ளைகள ஏத்துங்க" என்றான்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு அம்மா மட்டும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே ஏறி, ஒட்டுப்போட்ட இடத்தில் நின்று இரண்டு தடவை ஓங்கி மிதித்தார். வேன் ஆடியது. தகரம் அசையவில்லை.

அவர் கீழே இறங்கிப் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்: "ஏட்டி, போன வருசம் நம்ம பிள்ளைக போன வேன்ல மேட்டுக்கு அடியில என்ன இருந்துச்சுன்னு நமக்குத் தெரியுமா?"

அவ்வளவுதான். பிள்ளைகள் ஏறிவிட்டார்கள். சுந்தரராஜ் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்கு உட்கார இடமில்லை. பஸ்ஸில்தான் திரும்பினேன்.

இப்போதெல்லாம் காதர் பாய் கடையில் எந்த வண்டி வந்தாலும் முதல் வேலை, சொந்தக்காரரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, "வாங்க, ரெண்டு பேரும் சேந்தே தூக்கிப் பாத்துருவோம்" என்பதுதானாம்.

என் ஸ்கூட்டரிலும் கால் வைக்கிற இடத்தில் ஒரு ரப்பர் விரிப்பு இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து தூக்கிப் பார்த்ததில்லை. தனியாகப் பார்க்கத் தைரியமும் இல்லை... யாராவது கூட வாருங்களேன்!