நுனி கட்டாத பின்னல்

இது நடந்தது. போன கோடை விடுமுறையில், பட்டப்பகலில் நடந்தது. அருவிக்குப் போனது நாங்கள் நான்கு பேர். நான்கு பேரும் இன்றைக்கும் உயிரோடுதான் இருக்கிறோம். சந்தேகம் இருந்தால் என் நாத்தனார் தல்-லேயைக் கேட்டுப் பாருங்கள். என் கணவரை மட்டும் கேட்காதீர்கள். எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார்.

நாங்கள் வொன்ஜு நகரத்தில் இருக்கிறோம். கணவர் கி-தே நகரப் பேருந்து ஓட்டுகிறார். ஆகஸ்ட் தொடக்கத்தில் அவருக்கு ஒரே ஒரு நாள் விடுப்பு கிடைத்தது. பள்ளி மூடியதிலிருந்து எங்கள் மகள் சோல் "கடல், கடல்" என்று அரித்துக்கொண்டிருந்தாள். ஏழு வயது. ஆனால் கடற்கரைச் சாலையில் அந்த வாரம் கார்கள் நகரவே இல்லை என்று செய்தியில் காட்டினார்கள். அதனால் கடல் காட்டு அருவியாக மாறியது.

"வருஷம் பூரா பஸ் ஓட்டற. லீவு நாள்லயும் நீயே ஓட்டணுமா அண்ணா? தள்ளு, நான் ஓட்டறேன்" என்றாள் தல்-லே, பின் சீட்டிலிருந்து.

"நீ ஓட்டினா அருவிக்குப் போக மாட்டோம். நேரா ஆஸ்பத்திரிதான்."

சோல் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பு அது ஒன்றுதான் எனக்கு நினைவிருக்கிறது.

மலைச்சாலை முடிகிற இடத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. ஓடைக்கு மேலேயே மரப்பலகை மேடைகள் போட்டிருந்தார்கள். காலைத் தண்ணீரில் தொங்கவிட்டுக்கொண்டு சாப்பிடலாம். கடைக்கார அம்மாளுக்கு அறுபது வயது இருக்கும். ரப்பர் பூட்ஸ், பருத்த கைகள், கணீரென்ற குரல்.

"சித்தி, ஒரு முழுக் கோழி. பூண்டு நிறையப் போட்டு" என்றார் கி-தே. கடைக்கார அம்மாக்களை எங்கள் பக்கம் சித்தி என்றுதான் கூப்பிடுவோம்.

"வேக ஒரு மணி நேரம் ஆகும்பா. அருவியப் பாத்துட்டு வந்துடுங்க, பக்கம்தான்."

சொல்லிக்கொண்டே அவள் சோலைப் பார்த்தாள். சோலுக்கு இடுப்பு வரை முடி. அன்று என்னைக் கட்டவே விடவில்லை, விரித்துப் போட்டிருந்தாள். கடைக்கார அம்மாள் கையைத் துடைத்தாள். தன் தலையில் இருந்த துணித் தொப்பியைக் கழற்றினாள். சோலின் முடியை ஒரு கொத்தாகச் சுருட்டி உள்ளே திணித்து, அந்தத் தொப்பியை அவள் தலையில் அழுத்தி வைத்தாள்.

"வெயிலு. கழட்டாம இரு தங்கம்."

அந்தப் பாதை முழுக்க அடர்ந்த மரங்கள். வெயில் ஒரு பொட்டுக்கூட இல்லை.

அருவி பெரியது இல்லை. இரண்டு ஆள் உயரப் பாறையிலிருந்து வெள்ளைத் துணி தொங்கவிட்டது போல விழுந்தது. கீழே பச்சை நிறத்தில் ஒரு மடு. மடுவின் பாதியில் கயிறு கட்டியிருந்தார்கள், அதைத் தாண்டக் கூடாது என்று. எங்களுக்கு முன்னால் வந்த குடும்பம் ஒன்று பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியது. பிறகு நாங்கள் மட்டும்தான்.

கி-தே கல்லில் படுத்துக் கண்ணை மூடினார். தல்-லே கைபேசியில் அருவியைப் படம் பிடித்தாள். நான் பீச் பழம் நறுக்கிக்கொண்டிருந்தேன். சோல் கரையோரம் கணுக்கால் தண்ணீரில் கூழாங்கல் பொறுக்கினாள்.

முதலில் எனக்கு வந்தது ஒரு வாசனை.

தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் வாசனை. இப்போது யாரும் தேய்க்காத, கெட்டியான, பழைய எண்ணெய். சாரல் முகத்தில் படும்போதெல்லாம் அது வந்தது.

"தல்-லே, தலையில ஏதாவது தேச்சியா?"

"நானா? ரெண்டு நாளா குளிக்கவே இல்ல அண்ணி, எங்க தேய்க்கறது?"

சிரித்தேன். அடுத்த பழத்தை எடுத்தேன்.

அப்போதுதான் சில்வண்டுகள் நின்றன.

காலையிலிருந்து காது கிழிய இரைந்துகொண்டிருந்த அத்தனையும். ஒரே நேரத்தில். யாரோ கையால் வாயைப் பொத்தியது போல...

நிமிர்ந்து பார்த்தேன். ஒரு கல்லின் மேல் தொப்பி இருந்தது. விழுந்த தொப்பி இல்லை. கழற்றி, ஒழுங்காக வைத்த தொப்பி.

சோல் இல்லை.

"சோல்!"

கி-தே எழுந்த வேகத்தில் செருப்போடு மடுவில் குதித்தார். கயிற்றைத் தாண்டினார். முங்கினார். வெறும் கையோடு மேலே வந்தார். மறுபடி முங்கினார். தல்-லே பாதையில் இறங்கிக் கத்திக்கொண்டே ஓடினாள். நான் பாறையைப் பிடித்துக்கொண்டு அருவியின் ஓரத்துக்கு ஏறினேன். ஏன் அங்கே ஏறினேன் என்று எனக்கே தெரியாது. அந்த எண்ணெய் வாசனை அங்கே அதிகமாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனேன், அவ்வளவுதான்.

விழுகிற தண்ணீருக்கும் பாறைக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைகிற இடைவெளி.

உள்ளே சோல் உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு முதுகைக் காட்டி, சம்மணம் போட்டு, நல்ல பிள்ளையாக. கைகள் மடியில். அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை. ஈரப் பாறை மட்டும்.

ஆனால் அவள் தலை அசைந்துகொண்டிருந்தது.

குழந்தைக்குத் தலை பின்னும்போது பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பிரிக்கும் தலை லேசாகப் பின்னால் இழுபடும். பிறகு விடும். மறுபடி இழுபடும்.

அப்படி.

இழுபடும்... விடும். இழுபடும்... விடும்.

வலது காதுக்குப் பின்னால் நான்கு விரல் நீளத்துக்கு ஒரு பின்னல் இருந்தது. இறுக்கமாக, கயிறு மாதிரி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஒரு பிரி கூடியது.

பாய்ந்து அவளைத் தூக்கினேன்.

"இரும்மா. இன்னும் முடியல" என்றாள்.

இழுத்தேன். வரவில்லை.

அவள் உடம்பு என் கையில் இருந்தது. பின்னல் மட்டும் விறைப்பாகப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. காற்றில். யாரோ நுனியைப் பிடித்திருப்பது போல.

பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். பட்டென்று விட்டது. இரண்டு பேரும் தண்ணீரை உடைத்துக்கொண்டு வெளியே விழுந்தோம். கி-தே எங்களைக் கரைக்கு இழுத்தார். சோல் அழுதாள், பயத்தில் இல்லை. விளையாட்டைப் பாதியில் நிறுத்தினால் அழுவாளே, அந்த அழுகை.

"யாருடி உன்னை அங்க கூட்டிட்டுப் போனது?"

"ஒரு அம்மா. தலை பின்னி விட்டாங்க. நுனி கட்டினதும் வீட்டுக்குப் போலாம்னு சொன்னாங்க."

"நம்ம வீட்டுக்கா?"

சோல் கொஞ்சம் யோசித்தாள். இல்லை என்று தலையாட்டினாள்.

ஓடியே கடைக்கு வந்தோம். கோழி மேடையில் ஆவி பறக்க இருந்தது. கடைக்கார அம்மாள் எங்கள் ஈரத்தைப் பார்க்கவில்லை, சோலின் வலது காதைத்தான் பார்த்தாள்.

"நுனி கட்டியாச்சா?"

என்ன கேட்கிறாள் என்று கி-தேவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

"இல்ல" என்றேன்.

அவள் பெரிதாக மூச்சு விட்டாள். கோழி வெட்டுகிற கத்திரிக்கோலை எடுத்தாள். "அவிழ்க்காதம்மா. வெட்டிடு. இங்கயே வெட்டிடு."

"குழந்த தலைகிட்ட அதக் கொண்டு வராதீங்க!" கி-தே கத்தினார். அவர் உதடு நீலம் பாய்ந்திருந்தது. "என்ன சித்தி இது? கூத்தா அடிக்கிறீங்க? சோல் அம்மா, வண்டில ஏறு!"

அந்த அம்மாள் அவரோடு வாதாடவில்லை. கத்திரிக்கோலை என் பைக்குள் போட்டாள். என் கையை இறுக்கினாள்.

"ரோட்டுல நிறுத்துன்னு நீ சொன்னா அவரு நிறுத்துவாருல்ல?"

"நிறுத்துவாரு."

"அப்போ போ. காசெல்லாம் வேணாம். போ."

காரில் வீட்டுக்குத் திரும்பினோம். நான் முன்னால். பின்னால் தல்-லே, அவள் தோளில் சாய்ந்து சோல். ஏறிய உடனே தூங்கிவிட்டாள். சட்டை காய்ந்துவிட்டது. கால்சட்டை காய்ந்துவிட்டது.

சொட்டுச் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

சொட்... சொட்... சொட்...

சீட்டில் விழுகிற சத்தம். கி-தே வானொலியைப் போட்டார். ஏதோ பாட்டு. பாட்டுக்கு நடுவிலும் கேட்டது. வானொலியை அணைத்தார்.

நீளமான சுரங்கப்பாதைக்குள் கார் நுழைந்தது. மஞ்சள் விளக்குகள்.

"அண்ணி" என்றாள் தல்-லே. கிசுகிசுப்பாக.

"என்ன?"

"திரும்பிப் பாருங்க. சத்தம் போடாதீங்க."

திரும்பினேன்.

பின்னல் சோலின் தோளைத் தாண்டியிருந்தது.

தூங்குகிற குழந்தையின் தலை லேசாகப் பின்னால் இழுபட்டது. விட்டது.

இழுபட்டது.

விட்டது.

தல்-லேயின் இரண்டு கைகளும் அவள் மடியில்தான் இருந்தன.

"இன்னும் கொஞ்சம்தான்..." என்று சோல் தூக்கத்தில் சொன்னாள்.

"நிறுத்துங்க!"

சுரங்கம் முடிந்ததும் ஓரமாக நிறுத்தினார். பின் கதவைத் திறந்தேன். அந்த எண்ணெய் வாசனை முகத்தில் அறைந்தது. பின்னல் அதற்குள் மார்புக்கு வந்திருந்தது. கையில் பிடித்தேன். பனிக்கட்டி மாதிரி இருந்தது. ஒரு குழந்தையின் முடிக்கு அவ்வளவு கனம் இருக்காது.

கத்திரிக்கோலைக் கழுத்தை ஒட்டி வைத்து அழுத்தினேன். வெட்டவில்லை.

கோழி எலும்பை வெட்டுகிற கத்திரிக்கோல். வெட்டவில்லை.

மறுபடி.

மறுபடி.

நறுக்.

என் கையில் இருந்தது ஒரு முறை சுருண்டு நிமிர்ந்தது. சாலையோரப் புதரில் வீசினேன். "ஓட்டுங்க! ஓட்டுங்க!"

கி-தே கண்ணாடியில் பின்னால் பார்த்தார். பார்த்த அந்த நொடியில் அவர் முகம் வெளுத்ததை நான் கண்டேன். என்ன பார்த்தார் என்று இன்று வரை சொல்லவில்லை.

சொட்டுச் சத்தம் நின்றுவிட்டது.

சோலின் தலையைத் துண்டால் இறுகச் சுற்றினேன். வீடு வரை அவள் கண் திறக்கவில்லை. அப்படியே படுக்கையில் போட்டு, நானும் தல்-லேயும் இரண்டு பக்கமும் படுத்துக்கொண்டோம். தூங்கவில்லை. விடிந்ததும் சோல் எழுந்து, பசிக்கிறது, முட்டைச் சோறு வேண்டும் என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு பக்க முடியை ஒட்ட வெட்டிவிட்டேனே, மறுபக்கத்தையும் சரி செய்யலாம் என்று துண்டை அவிழ்த்தேன்.

முடி இடுப்பு வரை விழுந்தது.

இரண்டு பக்கமும் ஒரே நீளம்.

காதுக்குப் பின்னால் தடவித் தடவிப் பார்த்தேன். தல்-லேயும் பார்த்தாள். வெட்டிய இடமே இல்லை. ஒரு இழைகூடக் குறையவில்லை.

அப்படியென்றால் நான் வெட்டியது யாருடைய முடி?

ஒரு வாரம் கழித்துத்தான் அந்தக் கடைக்குத் தொலைபேசியில் பேச எனக்குத் தைரியம் வந்தது. கத்திரிக்கோல் என்னிடம் இருக்கிறது, அனுப்பவா என்று ஆரம்பித்தேன்.

"வேணாம். ஆத்துலயும் போடாத, மண்ணுல புதைச்சிடு. கொழந்த எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கா சித்தி. யாரு அது? முன்னாடியே சொல்லிருக்கலாமே நீங்க."

"சொன்னா சிரிக்கிறாங்கம்மா. அதான் தொப்பிய மாட்டி விடறேன். யாருன்னு எனக்குத் தெரியாது. நான் கல்யாணம் ஆகி இங்க வந்தப்பவே இருந்துச்சு." பின்னணியில் ஓடைச் சத்தம் கேட்டது. "நான் வந்த வருஷம் ஒரு பொண்ணு மடுவுல போயிட்டா. உன் பொண்ணு வயசுதான். தலைல பேன்னு அந்த வாரம்தான் மொட்டை அடிச்சிருந்தாங்களாம். வெளிய எடுக்கறப்போ அவ தலைல பின்னல் இருந்துச்சு. அவங்க அம்மா, இது எம் பொண்ணே இல்லன்னு கத்தினா."

ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. கேட்டேன்.

"எவ்வளவு நீளம் இருந்துச்சு?"

"தெரியலம்மா" என்றாள். "பொணத்தத் தூக்கிட்டு எங்க கடை வாசல் வரைக்கும் வந்துட்டாங்க. பின்னலோட நுனி இன்னும் மடுவுக்குள்ளயே இருந்துச்சு."