ஒரு கம்பிக்கு மட்டும் குமிழ் வைக்கவில்லை

மின்சார ஸ்கூட்டர் பேட்டரிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். ஐ.டி.ஐ. படிப்புதான், மற்றதெல்லாம் கை சுட்டுப் படித்தது. பேட்டரிக்குள் பி.எம்.எஸ். என்று ஒரு பலகை இருக்கும். செல் ஒன்று சார்ஜ் அளவு மீறினாலோ சூடு ஏறினாலோ மின்சாரத்தை அறுத்துவிட வேண்டியது அதன் வேலை. அது ஒழுங்காக அறுக்கிறதா என்று பார்க்க நானே ஒரு சோதனை போர்டு வடிவமைத்தேன். நிஜ செல்களை மீறவிட்டுப் பார்ப்பது ஆபத்து. அதனால் பதினாறு செல்களுக்குப் பதில் பதினாறு குமிழ்கள். ஒன்றைத் திருகினால் அந்தச் செல் மீறிவிட்டதாக பி.எம்.எஸ். நம்பும், நம்பி அறுத்தால் போர்டில் விளக்கு அணையும். நெற்றியில் நாமம் இட்டு, எங்கள் சாமி அய்யாவை நினைத்துத்தான் ஒவ்வொன்றையும் சோதிப்பேன். விளக்கு அணைந்தால் பேட்டரி மேல் ‘சோதித்தது’ என்று எழுதி ஒட்டுவேன். ஒரே சரக்கில் வந்த பி.எம்.எஸ். மாட்டிய ஆறை அப்படி ஒட்டிக் கொடுத்திருந்தேன்.

போர்டைத் திருத்தமாக அச்சடித்து வாங்கலாம் என்று ஒரு நாள் காலையில் படம் வரைந்துகொண்டிருந்தேன். என் கையெழுத்து எனக்கே விளங்காது. குமிழ்களின் பெயரை மனைவிதான் எழுதினாள்.

“எல்லாத்துக்கும் குமிழ் இருக்கு. இந்தக் கம்பிக்கு மட்டும் என்னத்துக்கு இல்ல?”

“அது சூடு பாக்குற கம்பி. சும்ம விட்டா பி.எம்.எஸ். ஓடாது. அதனால ஒரு ரெசிஸ்டரை வச்சு சால்டர் பண்ணிட்டேன். சூடே இல்லன்னு நெனச்சு அது பாட்டுக்கு ஓடும்.”

“அப்பம் சூடு வந்தா அறுக்குமான்னு பாக்கவே இல்லியா?”

ரெசிஸ்டரைக் கழற்றி அங்கேயும் ஒரு குமிழ் வைத்தேன். அதே சரக்கில் மீதியிருந்த ஒரு பி.எம்.எஸ்.ஸை மாட்டித் திருகினேன். அறுபது டிகிரி, எழுபது, எண்பது. விளக்கு எரிந்துகொண்டே நின்றது.

கொடுத்த ஆறில் ஒன்று என் தங்கை வீட்டில். அவள் மார்த்தாண்டத்தில் துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறவள். போன் போட்டேன்.

“அண்ணே, நான் பஸ்ஸுல வந்துட்டேன். வண்டி வீட்டுல சார்ஜுல கெடக்கு.”

“எங்க வச்சு?”

“முன்னறைலதான். அவிய பக்கத்துல கெடந்து உறங்குதாவ.”

தங்கை கணவர் ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியுமுன் தோட்டத்துக்குப் போய் வந்து, போனை அணைத்துவிட்டுப் படுப்பார். எனக்கு அய்யாவைக் கும்பிடும் நிழல்தாங்கலில் மதிய வழிபாடான உச்சிப்படிப்புக்குப் போகிற நேரம். போகவில்லை. திருவட்டாறு ரோட்டில் தங்கை வீட்டுக்கு பைக்கை விட்டேன். ‘அய்யா சிவசிவ’ தவிர வாயில் வேறு வரவில்லை. ரப்பர் மரங்களுக்கு மேலே புகை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். ஓரிடத்தில் தெரிந்தது. யாரோ சருகு எரித்துக்கொண்டிருந்தார்கள்.

தட்டித் தட்டிக் கை வலித்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு தங்கை கணவர் கதவைத் திறந்தார்.

“என்ன மச்சான், போலீஸு மாதிரி தட்டுதீரு? நான் ஆரையும் கொல்லலியே.”

பிளக்கைப் பிடுங்கிவிட்டு சீட்டைத் தூக்கினேன். பேட்டரிப் பெட்டியில் கை வைக்க முடியவில்லை. இரண்டு பேருமாக வண்டியை முற்றத்துக்குத் தள்ளினோம்.

“இது தெனமும் இப்பிடித்தான் சுடும். நீரு சோதிச்சுக் குடுத்ததுதானேன்னு விட்டுட்டேன்.”

எதைச் சோதிக்கவில்லை என்று சொன்னேன். அவர் உள்ளே திரும்பி, தரையில் விரித்துக் கிடந்த பாயையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“மத்தவியளுக்கு போனப் போடும்.”

நான்கு பேர் எடுத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டதாகச் சொன்னார்கள். ஐந்தாவது, இரணியல்காரி ஒருத்தி.

“சார்ஜுல போட்டுட்டு சந்தைக்கு வந்துட்டேன், வீடு பூட்டிக் கெடக்கு. நீங்க சோதிச்சதுதானே அண்ணாச்சி, ஒண்ணும் ஆவாது,” என்று எனக்கே தைரியம் சொன்னாள்.