கோரிப்பாளையத்தில் காசு விற்பவள்

மற்ற கடைகளில் பணம் கொடுத்துப் பொருள் வாங்குவார்கள். எங்கள் தொழிலில் மட்டும்தான் பணம் கொடுத்துப் பணம் வாங்குவார்கள், அதிலும் கொடுத்ததைவிடக் கம்மியான பணத்தை.

கோரிப்பாளையத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. முன்பக்கம் இரண்டு மெஷின். பின்பக்கம் ஒரு கண்ணாடி மேஜை, அதற்குள் சுதந்திரத்துக்குப் பிறகு வந்த இந்தியக் காசுகள். ராஜா காலத்துக் காசெல்லாம் என்னிடம் கிடையாது. அதற்கு நிறையப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நம்முடைய அப்பாக்களின் சட்டைப் பையில் கிடந்த சில்லறைதான் என் சரக்கு. ஜெராக்ஸ் சம்பாதிக்கிறது, காசு அதைச் செலவழிக்கிறது. புதிதாக நாணயம் சேர்க்க ஆரம்பித்து, அதற்காக வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருப்பவர்களுக்கு இதைப் படித்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

சிவப்பு வெல்வெட் பெட்டி

என் சொந்த முட்டாள்தனத்தைச் சொல்லாமல் அடுத்தவரைச் சொன்னால் நியாயமில்லை. மாட்டுத்தாவணி பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நாணயக் கண்காட்சி போட்டிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் முதல் மேஜையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிவப்பு வெல்வெட் பெட்டிக்குள் பளபளவென்று ஒரு நினைவு நாணயம். விற்றவர் எனக்கு நாற்காலி போட்டார், காபி வரவழைத்தார், ஊரைக் கேட்டார், பிள்ளைகள் படிப்பைக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதெல்லாம் இனிமே அடிக்க மாட்டாக மேடம்" என்றார். மூவாயிரத்து ஐந்நூறு கொடுத்து வாங்கினேன்.

பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனால் அதே காசு, அதே பெட்டி, ஆயிரத்து எண்ணூறு. அதற்கும் அடுத்த மேஜையில் அதே பெட்டியை ஆறு அடுக்காக வைத்திருந்தார்கள். மண்டபத்தை மூன்று சுற்று சுற்றிய பிறகுதான் பர்ஸைத் திறக்க வேண்டும் என்ற பாடம் எனக்கு அங்கேதான் கிடைத்தது. ஆத்திரத்தோடு திரும்பிப் போய்க் கேட்டேன். அவர் கொஞ்சம்கூட அசையவில்லை. "அங்க வெலை கம்மிதான் மேடம், நான் இல்லைங்கல. ஆனா அவரு உங்ககிட்ட இம்புட்டு நேரம் உக்காந்து பேசியிருப்பாரா?"

புளி போட்டு விளக்கியது

கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுக்கும் ஒருவர் என்னிடம் தாமரைப் பூ போட்ட மஞ்சள் இருபது பைசா ஒன்றை நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிப்போனார். யார் கையிலும் புழங்காத காசு. ஐம்பது வருஷமாக மெல்ல மெல்லப் படிந்த தேன் நிறம் அதன் மேல் இருந்தது. விளிம்பைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும், விரல் ரேகைகூடப் படக் கூடாது, துடைக்கவே கூடாது என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினேன். தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

பத்து நாள் கழித்து வந்தார். சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். அண்டா விளக்குகிற ஆட்களிடம் கொடுத்து, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருக்கிறார். தாமரையில் பாதி இதழைக் காணோம். இனி இது இருபது பைசாகூடப் பெறாது, அந்தக் காசே செல்லாதே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார். "அழுக்கோட நூத்தம்பதுன்னா, இம்புட்டுச் சுத்தம் பண்ணதுக்கு ஒரு இருநூத்தம்பதாச்சும் போட்டு நீங்களே எடுத்துக்கங்கக்கா."

பிழையான காசு

அச்சடிக்கும்போது தப்பாகிப்போன காசுக்கு எங்கள் உலகத்தில் நல்ல மதிப்பு. படம் ஒரு பக்கம் நகர்ந்திருந்தாலோ விளிம்பு கோணிப்போயிருந்தாலோ சேர்ப்பவர்கள் தேடி வருவார்கள். இது எப்படியோ செல்லூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் காதுக்குப் போய்விட்டது. முதல் வாரம் நடுவில் ஓட்டை விழுந்த இரண்டு ரூபாய் கொண்டுவந்தார். அடுத்த வாரம் இரண்டு பக்கமும் தலை உள்ள ஒரு ரூபாய். மூன்றாவது வாரம் எண்கோணமாக ஒரு ஐந்து ரூபாய். எல்லாமே அவருக்கு டீக்கடைச் சில்லறையில் கிடைத்ததாம்.

மூன்றாவது காசைக் கையில் வாங்கினால், அது இன்னும் சுடுகிறது. லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டிய வேலையே எனக்கு இல்லாமல் போயிற்று. "அண்ணே, காசை வெட்டுறது, ஒட்டுறது எல்லாம் சட்டப்படி குத்தம். போலீஸ் வந்தா உங்க பட்டறையைத்தான் மொதல்ல பூட்டுவாக" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பயந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். பிறகு ரகசியமாகக் குனிந்து கேட்டார். "சரிக்கா, எந்த மாதிரி தப்பு வேணும்னு நீங்களே சொல்லுங்க. திங்கக்கிழமைக்குள்ள அடிச்சுத் தாரேன்."

செல்லாத பத்து ரூபாய்

அலங்காநல்லூருக்கு மினி பஸ்ஸில் போனேன். டிக்கெட்டுக்குப் பத்து ரூபாய்க் காசை நீட்டினேன். கண்டக்டர் அதைச் செத்த பல்லியைப் பார்ப்பதுபோலப் பார்த்து, "செல்லாதுக்கா" என்றார். செல்லும், அரசாங்கமே பல தடவை சொல்லியிருக்கிறது என்று நான் ஆரம்பித்ததும் மொத்த பஸ்ஸும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டது. நான் காசு வியாபாரம் செய்கிறவள், எனக்குத் தெரியும் என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. கடைசியில் பர்ஸின் அடியில் நான்காகக் கிழிந்து டேப் ஒட்டிய பத்து ரூபாய் நோட்டு ஒன்று இருந்தது. அதை முகம் மலர வாங்கிக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் அதே கண்டக்டர் விசாரித்துக்கொண்டு என் கடைக்கு வந்து நின்றார். கையில் மஞ்சப்பை, அதில் நாற்பது பத்து ரூபாய்க் காசு. இவர் அசந்த நேரத்தில் பயணிகள் தள்ளிவிட்டார்களாம், முதலாளி வாங்க மாட்டேன் என்றாராம். ஒன்றுக்கு நூறு ரூபாய் வேண்டும் என்றார். பத்து ரூபாய்க் காசுக்குப் பத்து ரூபாய்தான், பாங்கில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள் என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்னக்கா நீங்க, செல்லாத காசுக்குத்தான உங்க கடையில ரேட்டு அதிகம்னு சொன்னாக?"

பதினோரு லட்சம்

இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. கீழக்குயில்குடியிலிருந்து ஆட்டோ ஓட்டும் பாண்டி, ஆதார் கார்டும் பாங்க் பாஸ்புக்கும் ஜெராக்ஸ் எடுக்க வந்தார். எடுத்துக்கொண்டிருக்கும்போதே "சீக்கிரம்க்கா, நாலு மணிக்குள்ள அனுப்பணும்" என்று அவசரப்படுத்தினார். எதற்கு என்று கேட்டேன். முகம் நிறையச் சிரிப்போடு பர்ஸிலிருந்து ஒரு ஐந்து ரூபாய்க் காசை எடுத்துக் காட்டினார். வைஷ்ணோதேவி படம் போட்ட காசு. நல்ல நிலையில் இருந்தால் என் மேஜையில் முப்பது ரூபாய்.

"பதினோரு லட்சத்துக்குப் பார்ட்டி ரெடியா இருக்குக்கா. போன்ல வீடியோ பாத்துட்டு நம்பர் போட்டேன். பதிவுக் கட்டணம் நாலாயிரத்து எரநூறு கட்டிட்டேன். இப்ப வரி மட்டும் பதினெட்டாயிரம் கட்டுனா, மொத்தப் பணமும் வீட்டுக்கே வந்துரும்."

"வரிக்குப் பணம் ஏது தம்பி?"

"மக நர்சிங் காலேஜுக்குக் கட்ட வச்சிருந்தது."

நான் மெஷினை நிறுத்தினேன். இது ஏமாற்று வேலை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. எனக்குப் பொறாமை என்று நினைத்தார் போலிருக்கிறது. காசைச் சட்டென்று பர்ஸுக்குள் வைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அவர் எடுப்பதற்குள் நான் வாங்கி ஸ்பீக்கரில் போட்டேன். நல்ல தமிழில், நல்ல மரியாதையோடு ஒரு குரல், வரி இன்னும் வரவில்லையே என்று கேட்டது.

"சார், அதே காசு எங்கிட்ட நாப்பது இருக்கு" என்றேன். "பதினோரு லட்சம் எல்லாம் வேணாம். ஒண்ணு ஆயிர ரூபாய்னு தாரேன். வரியையும் அதுலயே கழிச்சுக்கங்க. எப்ப வந்து வாங்கிக்கிறீங்க?"

அந்தக் குரல் தாழ்ந்து, "மேடம், நீங்களும் இந்த லைன்தானா? மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றது. போன் துண்டித்துப் போனது.

பாண்டி பேப்பர்க் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. உள்ளங்கையில் அந்தக் காசை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. "மககிட்ட பதினோரு லட்சம்னு சொல்லிட்டேன்க்கா" என்று மட்டும் சொன்னார். இரண்டு பேரும் சேர்ந்து சைபர் குற்றத்துக்கான உதவி எண்ணைக் கூப்பிட்டுப் புகார் பதிந்தோம். போன நாலாயிரத்து இருநூறு இன்றுவரை திரும்பவில்லை. பதினெட்டாயிரம் மறுநாளே கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. கிளம்பின பாண்டி படியிறங்கும்போது நின்று திரும்பினார். "அக்கா, அவன் திருட்டுப்பய, ஒத்துக்கிறேன். ஆனா காசு ஒரிஜினல்தான? பதினோரு லட்சம் வேணாம், நீங்க ஒரு அஞ்சு லட்சம் குடுங்க, போதும்."

பாய் கடை கல்லா

தர்கா பக்கம் டீக்கடை வைத்திருக்கும் காதர் பாய்தான் எனக்குத் தெரிந்த ஒரே உருப்படியான சேகரிப்பாளர். ஒரு ரூபாய்க் காசு மட்டும்தான் சேர்ப்பார். வருஷத்துக்கு நான்கு. காசில் வருஷத்துக்குக் கீழே புள்ளியோ வைரமோ நட்சத்திரமோ இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. அதை வைத்து எந்த ஊரில் அச்சடித்தது என்று சொல்லிவிடலாம். பாய் தினமும் கல்லாவைப் பொறுக்கிப் பார்த்து, சந்தேகம் வந்தால் என் கடைக்கு வந்து என் லென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டுப் போவார். இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு காசு வாங்கியதில்லை. நானாக வலியப் போய்க் கேட்டால், "பாப்போம்மா, அல்லா குடுப்பான்" என்பார்.

அவருக்கு ஒரே ஒரு காசு மட்டும் கிடைக்காமல் இருந்தது. என்னிடம் இருந்தது, முந்நூறு ரூபாய். இந்தத் தடவை மாட்டினார் என்று சந்தோஷமாக எடுத்துக் காட்டினேன். லென்ஸ் வைத்துப் பார்த்தார், இரண்டு பக்கமும் பார்த்தார், நட்சத்திரம் எப்படி இருக்கிறது என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டார், ஸலாம் சொல்லிவிட்டுப் போனார். நான்கு மாதம் கழித்து அதே வருஷத்து, அதே நட்சத்திரம் போட்ட, என்னுடையதைவிடச் சுத்தமான ஒரு காசோடு வந்து நின்றார். "முந்நூறு ரூபாய்க்கு இருபத்தஞ்சு டீம்மா. இது ஒரே டீக்குக் குடுத்த சில்லறையில வந்திருச்சு, குடுத்தவரு சீனிகூடக் கேக்கல."

ஆகவே புதிதாகக் காசு சேர்க்க வருகிறவர்களே, முதலில் ஒரு நல்ல விலைப் புத்தகம் வாங்குங்கள், அடுத்து ஒரு லென்ஸ் வாங்குங்கள், அதன் பிறகு என் கடைக்கு வாருங்கள். அதற்குள் உங்களுக்கு என்னிடம் வாங்கும் தேவையே தீர்ந்துபோயிருக்கும் என்பதுதான் எனக்குள்ள ஒரே கவலை.