காவல் நூலும் நின்றுபோன மோட்டார் சைக்கிளும்

இரண்டு வருடத்துக்கு முன்பு, சோளகக் காற்று பிடித்து, மண்கும்பான் பக்கம் வீதியெல்லாம் மணல் ஏறிக் கிடந்த நாட்களில் நடந்தது இது. நான் யாழ்ப்பாணத் தீவகத்தில் குடும்பநல மருத்துவமாது. கர்ப்பிணித் தாய்மாரை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதுதான் என் வேலை. அதற்கு எனக்கிருந்த ஒரே துணை, அண்ணா வெளிநாடு போகும்போது விட்டுவிட்டுப் போன மோட்டார் சைக்கிள். "மிஸ்ஸின்ரை ஆம்பிளைச் சைக்கிள்" என்று ஊரில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், திருப்பிச் சொல்ல எனக்கும் வாய் இருக்கிறது.

அந்த வருடம் என் பொறுப்பில் இருந்தவர்களில் ஒருத்தியை நினைத்தால் எனக்கு நித்திரை வராது. அவளுடைய முதல் இரண்டு பிள்ளைகளும் மாதம் நெருங்கி வந்து, கைக்கு எட்டாமலே போனவை. இது மூன்றாவது. கணவனுக்குத் தெற்கே ஒரு கடையில் வேலை, எப்போதாவதுதான் வருவான். அவளுக்குப் பிரஷர் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. அதனால் கிளினிக்குக்கு அவள் வருவது போக, இடையிடையே நானே வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன்.

ஒரு நாள் நான் போனபோது, கணவன் நயினாதீவு அம்மன் கோயிலிலிருந்து கொண்டுவந்த நூலோடு வாசலிலேயே நின்றாள்.

"எனக்காண்டித்தானே அக்கா இந்த வெயிலுக்கை ஓடித் திரியிறியள். அம்மாளாச்சி உங்களை வழியிலை காக்கட்டும்."

இப்படிச் சொல்லி, மஞ்சளும் குங்குமமும் தோய்ந்த அந்த நூலை ஹாண்டிலின் கழுத்தடியில் சுற்றோ சுற்றென்று சுற்றி, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி இறுக்கி முடிந்தாள். கூடவே ஒரு தேசிக்காயையும் கட்டித் தொங்கவிட்டாள். எங்கள் பக்கத்தில் வாகனத்துக்கு நூல் கட்டுவது புதினமில்லை. கட்டினால், தானாக இற்று விழும்வரை அதில் யாரும் கை வைக்கவும் மாட்டார்கள்.

கொஞ்ச நாள் போக மோட்டார் சைக்கிளுக்கு ஒரு விசர் பிடித்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று எல்லாம் ஒன்றாகச் செத்துவிடும். எஞ்சின் இல்லை, ஹோர்ன் இல்லை, சிக்னல் லைட் இல்லை. இறங்கி, நாலு ஏச்சு ஏசி, கொஞ்சத் தூரம் தள்ளினால் ஒன்றுமே நடக்காததுபோல உயிர் வந்துவிடும். கராஜுக்குக் கொண்டுபோய் ஸ்டாண்டில் நிறுத்தினாலோ, அங்கே நல்ல பிள்ளை. டொக்டரைக் கண்டதும் காய்ச்சல் பறந்துபோகும் குழந்தைகளை நான் எத்தனை கண்டிருக்கிறேன், இதுவும் அந்தச் சாதிதான்.

முதல் மெக்கானிக் பற்றரியை மாற்றினார். அடுத்தவர் பற்றரி முனைகளில் பூத்திருந்த பச்சையைச் சுரண்டித் துடைத்து, ஃபியூஸையும் மாற்றினார். "உப்புக் காத்து மிஸ். தீவுக்கை ஓடுற எல்லாத்துக்கும் இந்த வருத்தம்தான், சுகப்படுத்த ஏலாது" என்றார். நூலைக் கண்டதும் இருவரும் செய்தது ஒன்றேதான்: தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் பார்த்தார்கள். நானும் அதைத்தான் விரும்பினேன்.

அன்று முற்பகல், நாரந்தனையில் ஒரு வீட்டில் நிற்கும்போது அவளிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, விடியத்துவக்கம் தலையிடி. கண்ணும் ஒருமாதிரிப் பூச்சி பறக்கிற மாதிரிக் கிடக்கு."

அது சும்மா தலையிடி இல்லை, பிரஷர் உச்சிக்கு ஏறுவதன் அறிகுறி என்று எனக்குத் தெரியும். உடனே அம்புலன்சுக்குச் சொல்கிறேன், ஆஸ்பத்திரிக்குப் போம் என்றேன். அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

"நான் போகமாட்டன். ரெண்டுதரமும் அங்கை போய் வெறுங்கையோடதான் திரும்பி வந்தனான். நீங்கள் வந்து பாத்துச் சொல்லுங்கோ. நீங்கள் கூட்டிக்கொண்டு போனால்தான் வருவன்."

"சரி, படுத்திரும். எழும்பாதையும். நான் வாறன்."

அம்புலன்சுக்கும் சொல்லிவிட்டு, சாரம் கட்டிய ஒரு ஐயா பாதை விலகி ஓடும் வேகத்தில் வந்தேன். மண்கும்பானுக்கு அண்மையில் இடப்பக்கமாக ஒரு வளைவு. திரும்பினேன். செத்துவிட்டது.

உதைத்தேன். திரும்பிய வாக்கிலேயே தள்ளினேன். "சனியனே, இண்டைக்குமா?" என்று கத்தினேன். அம்புலன்ஸ் போனாலும் நான் இல்லாமல் அவள் ஏறமாட்டாள், அந்தப் பிடிவாதக்காரியை எனக்குத் தெரியும். நடுவீதியில் நின்று, வெட்கமில்லாமல் அழுதேன்.

நயினாதீவில் இருக்கும் புத்த விகாரைக்குப் படகேற, குறிகட்டுவான் இறங்குதுறைக்கு யாத்திரிகர்களை ஏற்றிப்போகும் வான் ஒன்று என்னைக் கடந்துபோய், நின்று, பின்னுக்கு வந்தது. உள்ளே வெள்ளை உடுத்த சிங்களக் குடும்பங்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். சாரதி இறங்கி வந்தார்.

"என்ன நங்கி, வேலை செய்ற இல்லையா?"

நங்கி என்றால் சிங்களத்தில் தங்கை. அந்த ஒரு சொல்லுக்கு எனக்கு இன்னும் கூட அழுகை வந்தது. வயிற்றைக் காட்டி, பையிலிருந்த பிரஷர் கருவியைக் காட்டி, எனக்குத் தெரிந்த கொச்சைச் சிங்களத்தில் சொல்லி முடித்தேன். வானில் ஏறு என்றார். பனங்காணிக்குள்ளால் அவள் வீட்டுக்குப் போகும் மணல் ஒழுங்கைக்குள் வான் போகாது, நடந்தால் நேரமாகும். "அப்ப இதைப் பாப்பம், சுருக்கா" என்றார்.

ஃபியூஸைப் பார்த்தார், நல்லது. பற்றரியைப் பார்த்தார், நல்லது. தலையைச் சொறிந்தார். வெயில் தாங்காமல் நிழலுக்குத் தள்ளலாம் என்று ஹாண்டிலை வலப்பக்கம் ஒடித்தேன். நியூட்ரலின் பச்சை லைட் மினுக்கென்று எரிந்தது. நேராக்கினேன், எரிந்தது. இடப்பக்கம் ஒடித்தேன், அணைந்தது.

அட கடவுளே! எப்போது நோகிறது, எந்தப் பக்கம் சரிந்து படுத்தால் சுகம் என்று நோயாளிகளிடம் நாள் முழுக்கக் கேட்கிறவள் நான். இந்த வண்டியிடம் ஒரு நாளும் கேட்கவில்லையே!

இடப்பக்கம் திரும்பும்போது எது இழுபடுகிறது என்று இருவரும் குனிந்து பார்த்தோம். சாவித் துவாரத்திலிருந்து வரும் வயர்க் கட்டு, ஹாண்டிலின் கழுத்தோடு சேர்த்து நூலால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. ஹாண்டில் திரும்பத் திரும்ப அசையமுடியாமல் இழுபட்டு, கடற்காற்றின் ஈரம் நூலுக்குள் ஊறி, அந்த இடத்தில்தான் வயர் நைந்திருந்தது.

சாரதி கையைக் கொண்டுபோனார். குங்குமத்தைக் கண்டதும் சட்டென்று இழுத்துக்கொண்டு கும்பிட்டார். என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். படித்தவள், உத்தியோகம் பார்ப்பவள், என்ன சொன்னாலும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அவள் கையால் கட்டியது. இதை அறுத்த இன்றைக்கே அவளுக்கு ஏதும் நடந்தால்? அவளே கேட்டால் என்ன சொல்வேன்?

அவர் தன் கையை நீட்டினார். மணிக்கட்டில் விகாரையில் கட்டிய வெள்ளை நூல்.

"அறுக்க வேணாம் நங்கி. கழட்டி, உங்க கைல கட்டு. அதே சாமிதானே."

இவ்வளவு சின்ன விஷயம் எனக்கு ஏன் தோன்றவில்லை? ஆனால் முடிச்சு உப்பில் இறுகி இரும்பாகிக் கிடந்தது. வானிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்து, தலையிலிருந்த ஊசியைக் கழற்றி, முடிச்சுக்குள் விட்டு, மெல்ல மெல்ல நெகிழ்த்தினார். எவர் வாயிலும் கத்தி என்ற பேச்சே வரவில்லை. படகுக்கு நேரமாகிறது என்று வானுக்குள்ளிருந்தும் ஒருவர் முணுமுணுக்கவில்லை. நூல் முழுதாகக் கழன்று வந்ததும் அந்தப் பெண்ணே அதை என் கையில் கட்டி, கண்ணை மூடி ஏதோ சொன்னார். மொழி விளங்கவில்லை, பிரார்த்தனை விளங்கியது. சாரதி நைந்த வயரை வெட்டி, செம்பைச் சுரண்டி முறுக்கி, டேப் சுற்றினார். இடம் வலம் ஒடித்துப் பார்த்தோம். பச்சை லைட் அணையவே இல்லை.

நான் போய்ச் சேர, அம்புலன்ஸை ஒழுங்கை முனையில் விட்டுவிட்டு ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு வாசலுக்கு வந்திருந்தார்கள். அவள் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அவள் கண் முதலில் போனது ஹாண்டிலுக்குத்தான்.

"நூல் எங்கை அக்கா?" முகம் வெளிறிப்போனது.

கையை நீட்டினேன். "இஞ்சை கிடக்கு. உம்மோடை ஆஸ்பத்திரிக்கு வாறதெண்டால் வண்டியிலை இருந்து ஏலாதே, அதுதான் என்ரை கைக்கு வந்திட்டுது."

பிரஷரைப் பார்த்தேன். ஏறக்கூடாத அளவுக்கு ஏறியிருந்த எண்ணை அவளுக்குச் சொல்லாமல் கருவியைக் கழற்றினேன்.

"வாரும், போவம்."

"உள்ளுக்கும் வருவியளோ?"

"ஓம், விடுற மட்டும் வருவன். விடாட்டில் வாசல்லை இருப்பன்."

யாழ்ப்பாணம் போய்ச் சேரும்வரை என் மணிக்கட்டைப் பிடித்த பிடி விடவில்லை. அன்று பின்னேரமே ஒப்பரேஷன். பெண் பிள்ளை, கைக்குள் அடங்கும் அளவுதான், ஆனால் கத்தின கத்தல் கதவுக்கு வெளியே கேட்டது. இவ்வளவு பிந்தியா கொண்டுவருவது, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் இரண்டு பேருமே இல்லை என்று டொக்டர் என்னை ஏசினார். ஏச்சு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

பிள்ளை வீட்டுக்கு வந்து, பால் குடித்துத் தேறிய பிறகு அவளிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"அப்ப நான்தானே அக்கா உங்களை வழியிலை மறிச்சனான்?"

"நீர் மறிக்கேல்லை. பயத்திலை கொஞ்சம் இறுக்கிக் கட்டிப்போட்டீர், அவ்வளவுதான்."

அவள் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். மடியில் கிடந்த பிள்ளை திடுக்கிட்டு விழித்து எங்கள் இருவரையும் முறைத்தது.

இன்றைக்கும் வீடுகளில் ஆஸ்பத்திரி வேண்டாம், நேர்த்திக்கடன் முடியட்டும், நாள் சரியில்லை என்று சொல்கிறவர்களைப் பார்க்கிறேன். முந்தியென்றால் சண்டை பிடிப்பேன். பயந்துபோன மனிதரின் நம்பிக்கையை அறுத்தெறியாமல், அது இறுக்காத ஓரிடத்தில் கட்டிக் கொடுத்தால் அவர்கள் எழும்பி நம்மோடு வருவார்கள் என்பதை, நன்றி சொல்லவும் மறந்து நான் விட்டுவிட்டு வந்த அந்தச் சாரதியிடம்தான் கற்றுக்கொண்டேன்.