சத்தம் போடாத கதவு

என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பிய ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அலங்காரமாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நான் மெய்யாகவே தூங்கிக்கொண்டிருந்தேன். அவர் மெய்யாகவே எழுப்பினார்.

என் பெயர் ரெபேக்கா. பிள்ளைப்பாக்கத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருக்கிறோம். ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டிக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் நான் வேலை செய்கிறேன். என் வீட்டுக்காரர் பாஸ்கர் வேறொரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். எங்களுக்கு ஒரே மகன், ஜோயல். இது நடந்தபோது அவனுக்குப் பதினாறு வயது, பதினோராம் வகுப்பு.

போன வருடம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள். எனக்குக் காலை ஷிஃப்ட். வேலை நடக்கிற இடத்துக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். வேலை முடிந்து லாக்கரைத் திறந்து பார்த்தால், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு மேல் அழைப்பு. திருப்பிக் கூப்பிட்டேன்.

“ஜோயலோட அம்மாவா? ஸ்டேஷன்லேர்ந்து பேசறேம்மா. பையன் இங்கதான் இருக்கான். அவங்கப்பாவுக்கும் போட்டுப் பாத்தோம், எடுக்கல. ரெண்டு பேரும் கெளம்பி வாங்க.”

கம்பெனி பஸ்ஸில் எப்படி ஏறினேன், எங்கே இறங்கினேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. வீட்டுக்குள் போனால் பாஸ்கர் நைட் ஷிஃப்ட் முடித்த அசதியில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறார். உலுக்கி எழுப்பினேன்.

“இன்னாடி சொல்ற? மழைன்னு ஸ்கூலுக்கு லீவு வுட்டாங்க. அவன் வூட்லதான கீறான்!” என்று சொல்லிக்கொண்டே எழுந்து அடுப்படியை எட்டிப் பார்த்தார். அடுப்படியில் யாரும் இல்லை.

ஸ்டேஷனில் ஓரமாக ஒரு அறையில், பெஞ்சில் உட்கார்ந்திருந்தான் என் பிள்ளை. நடந்தது இதுதான். தெருமுனையில் அவனுக்குப் பழக்கமான, இருபது வயது தாண்டிய ஒருவன் பைக் ஓட்டக் கற்றுத் தருகிறேன் என்று கூட்டிப்போயிருக்கிறான். ஜோயல் ஓட்ட, அவன் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். ஒடிசாவிலிருந்து வந்து வேலை செய்யும் ஒரு தம்பி, ஷிஃப்ட் முடிந்து குடை பிடித்துக்கொண்டு ஊருக்குப் போனில் பேசியபடி நடந்திருக்கிறார். பின்னால் இருந்தவன் அந்தப் போனைப் பிடுங்கிவிட்டான். என் மகன் வண்டியை நிறுத்தவில்லை. கொஞ்ச தூரத்திலேயே ஜனங்கள் மடக்கிப் பிடித்துவிட்டார்கள்.

என்னைப்போல ஷிஃப்ட் முடிந்து நடந்துபோகிற ஒரு பிள்ளையிடமா என் மகன் இப்படிச் செய்தான்? அழக்கூட வரவில்லை.

அங்கே குழந்தைகள் விஷயத்தைப் பார்க்கிற அதிகாரி சாதாரணச் சட்டையில்தான் இருந்தார். “பதினெட்டு ஆவலம்மா. லாக்கப்ல வைக்க மாட்டோம். ஜெயிலுக்கும் அனுப்ப மாட்டாங்க. ஒரு நாளைக்குள்ள இளைஞர் நீதிக் குழுமத்துக்கு முன்னாடி நிறுத்தணும், ஜாமீனை அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. அதுவரைக்கும் கூர்நோக்கு இல்லத்துல இருப்பான்” என்றார்.

இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும், வீட்டுவரி ரசீது வேண்டும் என்று தெருவில் ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் என் அண்ணனையும் வீட்டு ஓனரையும் கெஞ்சிக் கூத்தாடி மறுநாள் கூட்டிக்கொண்டு போனேன். இலவச சட்ட உதவிக்கென்று அங்கே இருந்த வக்கீல் அம்மா அந்த இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துவிட்டார். “இது பெரியவங்க கோர்ட் இல்லம்மா. எந்தக் கேஸா இருந்தாலும் பிள்ளைங்களுக்கு ஜாமீன் குடுக்கணும்ங்கிறதுதான் சட்டம். வெளிய வுட்டா கெட்ட சகவாசத்துல மாட்டிக்குவான், அவனுக்கே ஆபத்து வரும்னு தோணினாதான் மறுப்பாங்க. அதனால ரசீதைவிட வீட்டைப் பத்திதான் கேப்பாங்க.”

வீட்டைப் பற்றியா? எனக்கு உயிர் வந்தது. ஏனென்றால் என் வீட்டைப் பற்றி எனக்கு அவ்வளவு பெருமை. ஜோயல் கைக்குழந்தையாக இருந்தபோதே நானும் பாஸ்கரும் ஒரு முடிவு எடுத்தோம். இரண்டு பேரும் ஒரே ஷிஃப்டுக்குப் போகக்கூடாது. அவர் பகல் என்றால் நான் இரவு, நான் பகல் என்றால் அவர் இரவு. ஒவ்வொரு முறை ஷிஃப்ட் மாறும்போதும் சூப்பர்வைசர் காலில் விழாத குறையாகக் கேட்டு வாங்கினோம். சபையில் பெண்கள் ஜெபக்கூட்டத்தில், “எங்க வூட்டுக்குப் பூட்டே வாங்கினது இல்ல” என்று எத்தனை தடவை பீற்றியிருப்பேன்!

குழுமத்தில் உயரமான மேடையோ கூண்டோ இல்லை. ஒரு மேசைக்கு அந்தப்பக்கம் மாஜிஸ்திரேட்டும் இரண்டு உறுப்பினர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒரு அம்மா என்னைக் கேட்டார்: “பையன் வீட்ல இருக்கும்போது கூட யார் இருப்பீங்க?”

“எப்பவும் ஒருத்தர் இருப்போம் மேடம். வீடு பூட்டினதே இல்லை” என்றேன்.

“அந்த ஒருத்தர் என்ன பண்ணுவீங்க?”

வாய் தவறிச் சொல்லவில்லை. நினைத்துப் பார்த்துத்தான் சொன்னேன். “தூங்குவோம் மேடம்.”

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. பைக்கில் கூட்டிப்போன அந்தப் பெரியவன் எங்கள் தெருவிலேயே இருக்கிறவன், பையனைக் கவனிக்க ஆள் இருக்கிறதா என்று தெரியவில்லை என்று எழுதி, அன்றைக்கு ஜாமீனைத் தள்ளிவைத்தார்கள். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை கொடுக்கட்டும், அடுத்த அமர்வில் முடிவு செய்யலாம் என்றார்கள். ஜோயல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

தூங்கினவன் கன்று கடாக்கன்று என்பார்கள், கண் அயர்ந்தவனுக்குத்தான் நஷ்டம் என்று. அந்தப் பழமொழி என்னைத் தேடி வந்து வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டது. அன்றுதான் என் வீட்டை நானே பார்த்தேன். பகலில் தூங்குவதற்காக ஜன்னலில் கறுப்புத் துணி அடித்திருந்தோம். எந்நேரமும் உள்ளே ஒரு மங்கல், தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல. அந்த மங்கலுக்குள் என் பிள்ளை நுனிக்காலில் நடந்து, தட்டு சத்தம் வராமல் சோறு போட்டுத் தின்று, டிவியில் சத்தத்தை அணைத்துவிட்டு வாயசைவை மட்டும் பார்த்து வளர்ந்திருக்கிறான். கதவுக் கீலுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டு வைத்ததும் அவன்தான். எண்ணெய்க் கறை கண்டு, “எவ்ளோ பொறுப்பு பாரு என் புள்ளைக்கு!” என்று நான் கொஞ்சியிருக்கிறேன். அந்தக் கதவு வழியாகத்தான் அவன் போயிருக்கிறான்.

இல்லத்துக்குப் பார்க்கப் போனோம். சாப்பாடு தருகிறார்கள், பாடம் நடக்கிறது என்றான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்: “அம்மா, இங்க யாருமே பகல்ல தூங்கறதில்ல. எல்லாரும் பேசிக்கினே கீறாங்க.”

அதுவரை நான், “ஆண்டவரே, என் பிள்ளையை வெளியே கொண்டுவாரும்” என்றுதான் உபவாசமிருந்து ஜெபித்தேன். அன்று வீட்டுக்கு வந்து முழங்கால் போட்டதும் வேறு வார்த்தைதான் வந்தது. “ஆண்டவரே, என்னை எழுப்பும்.” நானா அப்படிக் கேட்டேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அலுவலர் எந்த நாள் வருவார் என்று தெரியாது. ஸ்டேஷனுக்கும் குழுமத்துக்கும் அலைந்ததில் லீவெல்லாம் தீர்ந்துபோய், நான் நைட் ஷிஃப்டுக்குப் போயாக வேண்டும். இரண்டு பகல் கண்ணில் தண்ணீர் அடித்துக்கொண்டு கதவையே பார்த்து உட்கார்ந்திருந்தேன். அடுத்த நாள் சுவரில் சாய்ந்தவள்தான், அப்படியே தூங்கிப்போனேன்.

கனவில் கம்பெனி பஸ் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை மேல் போகிறது. ஏரி நிறைய வெள்ளைப் பனி. தண்ணீர் எது, வானம் எது என்று தெரியவில்லை. பஸ்ஸில் எல்லாரும் தூங்குகிறார்கள், டிரைவர்கூட. வெளியே ஜோயல், அஞ்சு வயதுப் பிள்ளையாக, பஸ் கூடவே நடந்து வருகிறான். வாயைத் திறந்து என்னவோ சொல்கிறான். சத்தம் இல்லை, அணைத்துவைத்த டிவி மாதிரி. நான், “ஆண்டவரே, அவனுக்குச் சத்தம் கொடும், சத்தம் கொடும்” என்று கதறுகிறேன். அப்போது அவன் கையை ஓங்கி பஸ்ஸைத் தட்டினான். டங், டங், டங்.

கண் விழித்தேன். சத்தம் நிற்கவில்லை. யாரோ எங்கள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

திறந்தால், மழையில் நனைந்துபோய் ஒரு அம்மா. “ரெபேக்கா வீடுதானே? நன்னடத்தை அலுவலர். முன்னாடியே வந்து ரொம்ப நேரம் தட்டினேம்மா, போனும் அடிச்சேன். ஆள் இல்லன்னு பஸ் ஸ்டாப்புக்குப் போயிட்டேன். கம்பெனி பஸ்ஸா போவுது ஒண்ணு பின்னால ஒண்ணு, என் பஸ் மட்டும் வரவே இல்ல. மழை வேற. சரி, இன்னொரு தடவை தட்டிப் பாப்போமேன்னு வந்தேன்.”

அன்பானவர்களே, அந்த பஸ் வராமல் போனதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியும். என் போன் வழக்கம்போல சைலன்ட்டில் கிடந்தது. அந்த பஸ் வந்திருந்தால், வீட்டில் கவனிக்க ஆள் இல்லை என்று அறிக்கை போயிருக்கும்.

அந்த அம்மாவுக்குத் துண்டு கொடுத்தேன், டீ போட்டேன். கறுப்புத் துணியை, டிவியை, கீலில் இருந்த எண்ணெயை, ஒன்றையும் மறைக்காமல் காட்டினேன். “இனிமே எப்படிம்மா?” என்று கேட்டார். “ஜெனரல் ஷிஃப்ட் கேக்கறேன்மா. தர்றாங்களோ இல்லியோ தெரியாது. ஆனா ஆண்டவர்கிட்ட கேட்டுட்டேன்” என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

எங்கள் சூப்பர்வைசர் திருநெல்வேலிக்காரர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். மறுநாள் காலையில், “யக்கா, பேக்கிங்ல ஒரு எடம் இருக்கு. ஓவர்டைம் கெடையாது, சம்பளம் கொறையும். ஆனா பொழுது சாய வீட்டுக்குப் போயிரலாம். போயி பயலப் பாருங்க” என்றார். அவர் கோயிலுக்குப் போகிறவர். ஆண்டவருக்கு ஆள் பஞ்சம் இல்லை.

அடுத்த அமர்வில் ஜாமீன் கொடுத்தார்கள். ஓனரும் வேண்டாம், ரசீதும் வேண்டாம். பையனை நல்ல முறையில் பார்த்துக்கொள்வோம், அந்தப் பெரியவனோடு சேரவிடமாட்டோம், கூப்பிட்ட நாளெல்லாம் கொண்டுவந்து நிறுத்துவோம் என்று நானும் பாஸ்கரும் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். பள்ளிக்கூடம் போக வேண்டும், அலுவலரை வந்து பார்க்க வேண்டும் என்று அவனுக்கும் சொன்னார்கள். பாஸ்கர் வீட்டை ஒழுங்குபண்ணி வைக்க முன்னாலேயே போய்விட்டார். நான் உத்தரவை வாங்கிக்கொண்டு இல்லத்துக்குப் போனேன்.

பஸ்ஸில் ஜோயல் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். வெளியே கம்பெனி விளக்குகள் மழைத்தண்ணீரில் நீளநீளமாக மிதந்தன. நான் விழித்திருந்தேன். இத்தனை வருடத்தில் அந்தச் சாலையை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

ஜாமீன் கிடைத்ததும் வழக்கு முடிந்தது என்று யாரும் நினைக்காதீர்கள். எங்களுக்கு இன்னும் நடக்கிறது, இன்னும் போய் நிற்கிறோம். அந்த ஒடிசாத் தம்பிக்குப் போன் திரும்பக் கிடைத்ததா என்று விசாரித்தேன். கிடைத்துவிட்டதாம். என் குடும்ப ஜெபத்தில் அவருக்கும் ஒரு இடம் உண்டு. ஜோயல்தான் அவருக்காக ஜெபிக்கிறான், வாய்விட்டு, எங்கள் காதில் விழும்படி. ஜன்னல் துணியைக் கிழித்துத் தரை துடைக்கப் போட்டுவிட்டேன்.

உங்கள் பிள்ளை உள்ளே இருக்கிறானா? தைரியமாக இருங்கள். சட்டம் சொல்லுகிற வழியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பயந்து ஒளியாதீர்கள். “அவனை மாற்றும்” என்று ஜெபிப்பதோடு “என்னை எழுப்பும்” என்றும் ஒரு வார்த்தை சேர்த்துக் கேளுங்கள். கேட்டுப் பார்த்தவள் சொல்கிறேன், அவர் எழுப்புவார்.

இல்லத்திலிருந்து அவனைக் கூட்டிவந்த அன்று சாயங்காலம் வீட்டு வாசலுக்கு வந்ததும், என் பிள்ளை பழைய பழக்கத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கதவை விரல் நுனியால் தள்ளப் போனான். நான் அவன் கையைப் பிடித்தேன்.

“தட்டுடா” என்றேன்.

“அப்பா தூங்குவாரும்மா.”

“தூங்கல. சத்தமா தட்டு.”

தட்டினான். முதலில் மெதுவாக, பிறகு தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி. “யாரது, என் புள்ளையா?” என்று கேட்டுக்கொண்டே உள்ளிருந்து அவன் அப்பா ஓடி வந்தார்.